காலுக்கடியில் ஏதோ உரசியது: அலைச்சறுக்கும் கடல் உயிர்களும்

அலைமகள்

எல்லாருக்கும் வணக்கம். சர்ஃபிங் கத்துக்க ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. மூணு வாரமா தண்ணியில இறங்கல. காரணத்தை வீட்டுல கூட முழுசா சொல்லல, இங்க சொல்றேன்.

அன்னைக்குக் காலையில அலை ரொம்பச் சின்னது. நெஞ்சளவு ஆழத்துல போர்டு மேல உக்காந்து, ரெண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு அடுத்த அலை வரிசைக்குக் காத்திருந்தேன். தண்ணி கலங்கல். திடீர்னு வலது பாதத்தை ஏதோ உரசிட்டுப் போச்சு. பாசிதான்னு நினைச்சேன். அடுத்த நொடியே போர்டை அடியில இருந்து யாரோ தோளால இடிச்ச மாதிரி மெதுவா ஒரு தூக்கல். குனிஞ்சு பார்த்தா பழுப்பா, அகலமா ஒண்ணு நகர்ந்துகிட்டு இருந்தது. கத்தினேனான்னு கூட ஞாபகம் இல்ல. ரெண்டு கையும் மரத்துப் போற அளவுக்குத் துழாவிக் கரைக்கு வந்துட்டேன்.

அது சுறாவா? சுறா இல்லன்னா என்ன? அதைவிடப் பெரிய கேள்வி, இந்த மாதிரி ஒண்ணு நடந்த பிறகு நீங்கல்லாம் எப்படித் திரும்ப இறங்கினீங்க?

---

கடலோடி

தங்கச்சி, முதலில் ஒன்று: நீங்கள் கரைக்கு வந்தது சரியான முடிவு. தண்ணீரில் இருப்பது என்னவென்று தெரியாதபோது வெளியே வருவதில் எந்தக் குறையும் இல்லை. இருபது வருடமாக அலையில் இருக்கிறேன், இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இனி நீங்கள் பார்த்ததைப் பேசுவோம். மூன்று விஷயம் சொல்லுங்கள். பாதத்தில் பட்டபோது வழவழப்பாக இருந்ததா, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பா, இல்லை ஓடு மாதிரிக் கெட்டியா? நகர்ந்து போனபோது ஓரம் அசைந்ததா? போன வேகம் எப்படி?

---

அலைமகள்

அண்ணா, நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சுப் பார்க்கிறேன். வழவழன்னு இருந்தது, கிட்டத்தட்டச் சளி மாதிரி. ஓரம்... ஆமா, ஓரம் அசைஞ்சது. காத்துல காயப்போட்ட துணி ஓரம் மடிஞ்சு மடிஞ்சு எழும்பற மாதிரி. வேகமே இல்ல. என்னைப் பத்தி அதுக்குக் கவலையே இல்லாத மாதிரி போச்சு.

---

நீலத்திரை

கடல் உயிரியல் படிக்கிறேன், அதனால உள்ள வரேன். நீங்க சொன்ன அடையாளம் எல்லாம் திருக்கையைத்தான் காட்டுது. சுறாவோட தோல் முழுக்கப் பல் மாதிரியான நுண்ணிய செதில்கள். வால் பக்கத்துல இருந்து தலைப் பக்கமாத் தடவினா உப்புத்தாள்தான். கொட்டும் திருக்கைகள் பலதுக்கும் தோல் வழவழப்பு, மேல ஒரு சளிப் படலம் இருக்கும். சுறா வாலைப் பக்கவாட்டுல வீசி நீந்தும். திருக்கை தன் உடம்போட ஓரத்தை அலை அலையா அசைச்சு நகரும். உங்க "துணி ஓரம்" அச்சு அசல் அதுதான்.

ரெண்டும் சொந்தக்காரங்கதான், ரெண்டுக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்பு மட்டும்தான். ஆனா திருக்கை நம்மைத் தேடி வராது. மணல்ல புதைஞ்சு நண்டும் சிப்பியும் தேடிக்கிட்டு இருந்தது நகர்ந்து போறப்ப உங்க போர்டு வழியில இருந்திருக்கும்.

---

பாறைமுனை

திருக்கைன்னு கேட்டதும் எழுதாம இருக்க முடியல. என்னைக் கொட்டியிருக்கு.

அலையை முடிச்சுட்டு இடுப்பளவு தண்ணியில போர்டுல இருந்து குதிச்சேன். இடது பாதம் எது மேலயோ பதிஞ்சது, மிருதுவா, உயிரோட. அது துள்ளின அதே நொடியில கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல யாரோ ஆணி அடிச்ச மாதிரி இருந்தது. காயம் என் சுண்டு விரல் நகம் அளவுதான். வலி மட்டும் பத்து நிமிஷத்துல முழங்கால் வரைக்கும், அரை மணி நேரத்துல தொடை வரைக்கும் ஏறிச்சு. கரையில உக்காந்து மணலைக் கையால பிசைஞ்சுக்கிட்டே அழுதேன்.

என் மேல தப்பு. குதிச்சிருக்கக் கூடாது. தட்டையான, மணல் தரையுள்ள இடத்துல பாதத்தைத் தூக்கி வைக்காம, தரையோட தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கணும். அந்த அதிர்வு தெரிஞ்சதும் திருக்கை தானே விலகிப் போயிடும். மேல மிதிச்சாத்தான் அது வாலைத் தூக்கும். இன்னைக்கு வரைக்கும் நான் அப்படித்தான் நடக்கிறேன்.

---

உப்புக்காற்று

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் நான், அலையிலும் இருப்பவள். பாறைமுனை சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது. சூடு பட்டால் வலுவிழக்கும். கொட்டிய காலைத் தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், வலி தணியும்வரை வைக்க வேண்டும். முப்பது நிமிடம் முதல் தொண்ணூறு நிமிடம் வரை ஆகலாம். கொட்டுப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் தண்ணீரை மற்றக் காலிலோ கையிலோ பார்த்துவிட்டு வையுங்கள். வெந்துபோன கால்களை நான் பார்த்திருக்கிறேன்.

முள் ரம்பம் போல இருக்கும், உடைந்த துண்டு உள்ளேயே தங்கலாம். அதனால் வலி போய்விட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். கழுத்து, மார்பு, வயிறு, இந்த இடங்களில் முள் குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. அப்படியே அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

---

மணல்வீடு

என் பொண்ணுக்குப் பதினாலு வயசு, போன மாசம்தான் போர்டு எடுத்தா. இந்த இழையை ராத்திரி முழுக்கப் படிச்சேன். திருக்கை சரி. ஆனா ஒரு அப்பனா என் பயம் சுறாதான். யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லாதீங்க, அது எனக்கு உதவாது.

---

நீலத்திரை

ஐயா, உள்ளபடியே சொல்றேன்.

ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகம் முழுக்க நடக்கிற சுறாக் கடிகளைப் பதிவு பண்ணிட்டு வருது. 2023-ல யாரும் சீண்டாமலே நடந்த கடிகள் 69, அதுல உயிர் போனது 10. கடிபட்டவங்கள்ல 42 சதவீதம் அலைச்சறுக்குல இருந்தவங்க. உலகம் முழுக்க எத்தனை லட்சம் பேர் தினமும் கடல்ல இறங்கறாங்கன்னு நினைச்சுப் பார்த்தா இது மிக மிகக் குறைவு. ஆனா அந்த 42 சதவீதத்தையும் நான் மறைக்க விரும்பல. கடல்ல இறங்கறவங்கள்ல நாமதான் அதிகம் வெளிப்பட்டு நிக்கிறோம். நாம காத்திருக்கிற இடம், நேரம், கைகாலை அடிக்கிற விதம் எல்லாம் அதுக்குக் காரணம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. லாங் பீச்சில இருக்கிற கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் ரெண்டு வருஷம் 26 கடற்கரைகள் மேல டிரோன் பறக்கவிட்டு 2023-ல முடிவை வெளியிட்டாங்க. இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடுற ரெண்டு பகுதியில, பார்த்த நாட்கள்ல 97 சதவீதம் மனுஷங்களும் சுறாக்களும் ஒரே தண்ணியில இருந்திருக்காங்க. அதிலயும் சுறாக்களுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தது அலைச்சறுக்குக்காரங்கதான். அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல. சுறா அவங்களைப் பார்த்திருக்கும், வேண்டாம்னு போயிருக்கும்.

ஏன் கடிக்குதுங்கிறதுக்கு, நம்மைக் கடல்நாய்னு (சீல்) நினைச்சுக்குதுன்னு ஒரு விளக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவுல மக்குவாரி பல்கலைக்கழகத்துக்காரங்க 2021-ல இளம் வெள்ளைச் சுறாவோட கண்ணை வச்சுக் கணக்குப் போட்டாங்க. கீழே இருந்து பார்க்கிற அந்தக் கண்ணுக்குத் துழாவுற மனுஷனும் நீந்துற கடல்நாயும் ஒரே நிழலாத்தான் தெரியும்னு வந்தது. அதே குழு கடல்நாய் வடிவப் பொம்மைகளோட அடியில பிரகாசமான விளக்குகளைக் கட்டித் தென்னாப்பிரிக்காவுல மோசல் விரிகுடாவுல சோதிச்சு 2024-ல வெளியிட்டாங்க. நிழல் உடைஞ்சதும் சுறா விலகிடுச்சு.

---

கடலோடி

நீலத்திரையின் அறிவுக்கு மரியாதை. ஆனால் "ஏமாந்து கடிக்கிறது" என்ற விளக்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. வெள்ளைச் சுறா கடல்நாயைத் தாக்கும்போது அடியிலிருந்து முழு வேகத்தில் மோதித் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். மனிதர்களுக்கு நேர்ந்த கடிகளில் பல அப்படி இல்லை. ஒரு முறை கடித்து, விட்டுவிட்டுப் போகிறது. அறிமுகமில்லாத பொருளை அது வாயால் சோதித்துப் பார்க்கிறது. கை இல்லாத உயிருக்கு வாய்தான் கை. நாம் இரத்தம் இழப்பது அந்தச் சோதனையில்தான்.

இரண்டில் எது சரியென்றாலும் நமக்கான பாடம் ஒன்றே. விடியும் முன்பும் பொழுது சாயும்போதும் தனியாக இறங்காதீர்கள். ஆற்று முகத்துவாரத்தில், பெருமழைக்குப் பின் கலங்கிய நீரில் வேண்டாம். மீன் கூட்டம் தெறிப்பதும் பறவைகள் செங்குத்தாக விழுந்து கொத்துவதும் தெரிந்தால், அங்கே யாரோ வேட்டையாடிக்கொண்டிருக்கிறார்கள். அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

சுறாவைப் பார்த்துவிட்டால் அதற்கு முதுகு காட்டாதீர்கள். போர்டை இருவருக்கும் நடுவில் வையுங்கள், தண்ணீரை அடித்துக் கலக்காமல் பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து வெளியேறுங்கள். 2015 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரிஸ் விரிகுடாப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் மிக் ஃபேனிங்கின் பின்னால் துடுப்பு எழுந்ததை உலகமே நேரலையில் பார்த்தது. காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷைச் சுறா துண்டித்தது. அவர் திரும்பி நின்று அதைக் குத்தினார். நான் மறக்காதது வேறொன்று: எதிராளி ஜூலியன் வில்சன் கரையை நோக்கிப் போகவில்லை, ஃபேனிங்கை நோக்கித் துழாவி வந்தார். ஃபேனிங் அடுத்த வருடமே அதே இடத்துக்குத் திரும்பி வந்து அந்தப் போட்டியை வென்றார்.

---

உப்புக்காற்று

மணல்வீடு ஐயா, உங்கள் மகளோடு நீங்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கடிபட்டவர் இறப்பது பெரும்பாலும் இரத்தப்போக்கால்தான்.

காலில் கடி விழுந்தால் லீஷை அவிழ்த்துத் தொடையில் கட்டு என்றுதான் எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். லீஷ் கட்டு காலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தை 43.8 சதவீதம்தான் குறைத்தது. முஷ்டியால் இடுப்பு மடிப்பை அழுத்தியபோது 89.7 சதவீதம் குறைந்தது.

செய்யும் முறை: கடிபட்டவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள். எந்தக் காலில் காயமோ அந்தப் பக்கத்து இடுப்பெலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில், தொடையும் வயிறும் சேரும் மடிப்பில், முஷ்டியை வையுங்கள். முழங்கையை நேராக்கி உடம்பின் முழு எடையையும் அதன் மேல் போடுங்கள். உதவி வரும்வரை எடுக்கக் கூடாது. இன்னொருவர் இருந்தால் அவர் காயத்தையே துணியால் அழுத்தலாம், பிறகு நல்ல கட்டும் போடலாம்.

இன்று வீட்டிலேயே உங்கள் இடுப்பு மடிப்பில் விரல் வைத்துப் பாருங்கள், துடிப்பு தெரியும். அந்த இடத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

---

மணல்வீடு

நன்றி அம்மா. இப்பவே பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு பேரும் அவங்கவங்க துடிப்பைக் கண்டுபிடிச்சோம். சொல்லத் தெரியல, ஆனா ராத்திரியை விட இப்ப மனசு நிதானமா இருக்கு.

---

நெடுங்கரை

இவ்வளவு பேசறீங்க, ஓங்கிலைப் பத்தி யாரும் சொல்லலையே? டால்ஃபின் இருக்கிற இடத்துல சுறா வராதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுங்க துணைக்கு இருந்தா தைரியமா இறங்கலாம், இல்லையா?

---

நீலத்திரை

இதை மட்டும் நம்பாதீங்க நெடுங்கரை. ஓங்கிலும் சுறாவும் பல நேரம் ஒரே மீன் கூட்டத்தைத் துரத்தி ஒரே இடத்துக்கு வரும். பெரிய சுறாக்கள் ஓங்கிலையே பிடிக்கும், உடம்புல சுறாக் கடித் தழும்போட நிறைய ஓங்கில் இருக்கு. 2007-ல கலிஃபோர்னியாவுல மாண்டரே விரிகுடாவுல வெள்ளைச் சுறா ஒருத்தரைக் கடிச்சப்போ ஓங்கில் கூட்டம் அவரைச் சுத்தி வளையம் போட்டுச்சுன்னு கூட இருந்தவங்களே சொல்லியிருக்காங்க. அது பெரிய விஷயம்தான். ஆனா அந்தக் கடி நடந்ததும் ஓங்கில்கள் இருந்த அதே தண்ணியிலதான்.

துடுப்பை வச்சு வித்தியாசம் பார்க்கக் கத்துக்கோங்க. ஓங்கில் மூச்சு விட மேல வரும், அதனால துடுப்பு எழும்பி, வளைஞ்சு, இறங்கும், கூடவே "புஸ்"ஸுன்னு சத்தம் கேக்கும். சுறாவோட துடுப்பு ஏறி இறங்காது, தண்ணியைக் கீறிக்கிட்டே சமமா போகும். சில நேரம் பின்னாடி வால் நுனியும் இடவலமா ஆடுறது தெரியும்.

---

கடலோடி

இருந்தாலும் ஓங்கிலோடு ஒரே அலையில் போன அந்தக் காலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நான் எழுந்து நின்ற அலையின் சுவருக்குள், கண்ணாடிக்குப் பின்னால் போல, மூன்று சாம்பல் உடல்கள் என்னோடு சேர்ந்து வந்தன. ஒன்று சற்றே சாய்ந்தது, அதன் கண் என் பக்கம் திரும்பியிருந்தது. அலை மடிவதற்கு ஒரு கணம் முன்னால் மூன்றும் அலையின் முதுகைக் கிழித்துக்கொண்டு பின்பக்கம் குதித்துவிட்டன. அலை மடியும் நேரம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை, நான் விழுந்தேன். அவை இரை தேடவில்லை, எதற்கும் பயப்படவுமில்லை. அலைக்காகவே அலையில் வந்தன என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தொட முயலவில்லை. துரத்தவும் இல்லை. அது முக்கியம்.

---

உப்புக்காற்று

அதை நானும் அழுத்திச் சொல்கிறேன். பழக்கப்படுத்துவது கடைசியில் அந்த உயிருக்கே கேடாக முடிகிறது. 2023 கோடையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் 841 என்று எண்ணிட்ட ஒரு பெண் கடல் நீர்நாய், அலைச்சறுக்குக்காரர்களின் போர்டுகளில் ஏறிப் பிடுங்கிக்கொண்டது. படம் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் மனிதர்மேல் பயம் போன விலங்கு என்பதால் அதைப் பிடித்துக் கூண்டில் வைக்க அதிகாரிகள் பல வாரம் முயன்றார்கள். அது தப்பியது, அந்த அக்டோபரில் குட்டியோடு காணப்பட்டது. எல்லா விலங்குக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

கடல்நாய் பக்கத்தில் வந்தாலும் விலகுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2024-ல் கேப் உரோமக் கடல்நாய்களிடம் ரேபிஸ் உறுதியானது. கடித்துவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். திமிங்கலம் என்றால் நூறு மீட்டர் தள்ளியே இருங்கள். 2013-ல் சிட்னியின் பாண்டை கடற்கரையில் ஒரு திமிங்கலத்தின் வால் பட்டு ஒருவர் நினைவிழந்தார். அதற்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை, வாலின் எடை அப்படி.

---

பாறைமுனை

சொறி மீனை, அதான் ஜெல்லி மீனைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க அக்கா. எங்க குழுவுல ஒருத்தர் வினிகர் ஊத்தணும்கிறார், இன்னொருத்தர் ஊத்தவே கூடாதுங்கிறார்.

---

உப்புக்காற்று

இரண்டு பேரும் வேறு வேறு உயிரைப் பேசுகிறார்கள். பெட்டி வடிவச் சொறி மீனுக்கு வினிகர்தான், குறைந்தது முப்பது வினாடி தாராளமாக ஊற்ற வேண்டும். வெடிக்காத கொட்டும் செல்களை அது அடக்கும். மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸ்.

நீலக் குமிழ் போல மிதக்கும் ஃபைசாலியா வேறு. அது ஒற்றை உயிரே இல்லை, பல உயிர்கள் சேர்ந்த கூட்டம். ஆஸ்திரேலிய முதலுதவி விதிப்படி அதற்கு வினிகர் வேண்டாம், கடல் நீரில் கழுவி 45 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். 2017-ல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வு வினிகரும் உதவும் என்றது. நான் வெந்நீர் பக்கம்தான், அதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. மணல் தேய்ப்பது, சிறுநீர் ஊற்றுவது, நல்ல தண்ணீரில் கழுவுவது, இவை எதுவும் வேண்டாம். கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும்.

---

நெடுங்கரை

ஓங்கில் விஷயத்தைத் திருத்தினதுக்கு நன்றி. இதை மத்தவங்களுக்கும் நான் சொல்லியிருக்கேன், எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லணும்.

---

அலைமகள்

திரும்ப வந்துட்டேன், தண்ணிக்கும்தான்.

நேத்து வெயில் நல்லா ஏறினப்புறம், தெளிஞ்ச தண்ணியில, தோழியோட போனேன். கணுக்கால் ஆழத்துல இருந்தே பாதத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தோம். முதல் அரை மணி நேரம் போர்டுல படுத்தே கிடந்தேன், காலைத் தொங்கவிட முடியல. அப்புறம் ஒரு கால். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு கால்.

ரெண்டு அலை பிடிச்சேன். மூணாவதுக்குக் காத்திருக்கிறப்போ பின்னாடி யாரோ பெருமூச்சு விட்ட சத்தம். திரும்பினா ஒரு பத்தடி தள்ளி ஆமைத் தலை. இமை மேல சுருக்கம் எல்லாம் தெரிஞ்சது, கழுத்துல பச்சையா ஒரு பாசி இழை ஒட்டியிருந்தது. ஒரு மூச்சு இழுத்துட்டு முதுகு ஓடு மட்டும் தெரிய அப்படியே உள்ள போயிடுச்சு. நான் அசையல. உடம்பு நடுங்கிச்சு, ஆனா மூணு வாரம் முன்னாடி நடுங்கின நடுக்கம் இல்ல இது. அந்தத் தலை மறுபடி எங்க வரும்னு பார்த்துக்கிட்டே இருந்ததுல நல்ல அலை ஒண்ணை விட்டுட்டேன்.

உப்புக்காற்று அக்கா, ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் எடுத்துட்டுப் போயிருந்தேன். கொட்டுறதுக்கு எதுவும் வரல. ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தப்போ தோழிக்குக் குளிர்ல பல்லு கிட்டிச்சு, அதனால வெந்நீரைக் கொஞ்சம் ஆற விட்டு அவ பாதத்துல ஊத்தினேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு ஃபிளாஸ்க் எடுக்கணும்.